இருபத்தொன்பது சிவப்பு, பதினொரு பச்சை

மொருவா, புலோலோ வழி
9 பிப்ரவரி 2002

தம்பி கேயம்,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, அதனால் பேச்சு கூடிவிட்டது. உன் உடம்பு எப்படி? பிரிஸ்பேனில் கிழங்கு கிடைக்கிறதா, இல்லை ரொட்டியைத் தின்றே காலம் தள்ளுகிறாயா?

நான் அனுப்பிய அறுபது கூட்டுப்புழுக்களும் உயிரோடு வந்து சேர்ந்தனவா? பஞ்சில் சுற்றி ஒவ்வொன்றையும் என் கையால் வைத்தேன். பூச்சி வாங்கி விற்கிற ஏஜென்சிக்கு நாங்கள் கொடுக்கிற பட்டாம்பூச்சி சிறகு விரிந்த அன்றே முக்கோண உறைக்குள் போய், யார் வீட்டுச் சுவரிலோ தொங்குகிறது. உனக்கு அனுப்புவது மட்டும் பறந்து திரிந்து உன் பட்டத்துக்கு உழைக்கிறது என்று சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆமாம், பெருமைதான். இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து டாக்டர் பட்டம் வாங்கப்போகிற முதல் ஆள் என் தம்பி. பெருமைப்படாமல் என்ன செய்ய?

போன ஞாயிறு கோயில் முடிந்து வெளியே வரும்போது பக்கத்துத் தோட்டத்து வாகி கேட்டாள்: "ஒன் தம்பி பட்டாம்பூச்சிக்குக் கண்ணு டெஸ்ட் பண்றானாமே, கண்ணாடி எப்ப போடுவான்?" எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. "காப்பித் தோட்டத்துல குடுத்த வேலையையே அவன் ஒழுங்கா செஞ்சதில்ல. அங்க போயி மட்டும் நெஜமா வேல செய்யப்போறானாக்கும்" என்றார். பத்துப் பேர் முன்னால். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீ பட்டத்தை வாங்கி வந்து அந்த வாயை அடைக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

கர்த்தர் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.
உன் அக்கா,
டமாரிஸ்


பிரிஸ்பேன்
3 மார்ச் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கிழங்கு கிடைக்கிறது, ஆனால் விலையைக் கேட்டால் பசி போய்விடும். நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

ஐம்பத்தெட்டு வெளிவந்துவிட்டன. பேராசிரியை ஹோல்ரொய்ட் கண்ணாடிக் கூண்டுக்குள் பத்து நிமிடம் நின்று பார்த்தார். பிறகு, "ஒங்க அக்காவுக்கு நாங்க என்ன சம்பளம் குடுத்தாலும் பத்தாது" என்றார்.

வாகி கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். முடியை விட மெல்லிய ஊசியைப் பட்டாம்பூச்சியின் கண்ணுக்குள் வைத்து, நிறம் நிறமாக ஒளி காட்டுகிறேன். கண்ணுக்குள் ஒளியை உறிஞ்சும் நிறமிகள் உண்டு. ஆதியில் பட்டாம்பூச்சிக்கு இருந்தவை மூன்று: நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நம் கண்ணுக்கே தெரியாத புற ஊதாவுக்கு ஒன்று. நீ வளர்க்கிற நம் ஊர்ப் பெருஞ்சிறகுப் பட்டாம்பூச்சிக்கு நான்காவதாக ஒன்று இருக்கிறது. சிவப்பைக் காட்டினால் ஊசி துடிக்கிறது. அந்தக் கோடு திரையில் எழும்பியபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

கண்ணில் இருந்தால் மட்டும் போதாது. பூச்சி அதைப் பயன்படுத்துகிறது என்று காட்ட வேண்டும். சிவப்புத் தாளில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு வெறும் சிவப்பையும் பச்சையையும் கலந்து வைத்து எதில் உட்காருகிறது என்று எண்ணுவேன். அது சரியாக வந்தால் செப்டம்பரில் மாநாட்டு மேடையில் பேசுவேன். ஆண்டு முடிவதற்குள் பட்டம்.

அப்பாவுக்கு என் வணக்கம்.
தம்பி,
கேயம்சாவோ


மொருவா
31 மார்ச் 2002

டாக்டர் தம்பிக்கு,

சுகம்தானே? நாங்கள் சுகம். மழை நின்றுவிட்டது, புழுக்கள் தின்கிற கொடி நன்றாகத் தழைத்திருக்கிறது.

உன் கடிதத்தைக் குடும்பக் கூட்டத்தில் உரக்க வாசித்தேன். ஊசி என்றதும் வாகி கண்ணைப் பொத்திக்கொண்டாள். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். இதைக் கண்டுபிடிக்கவா அரசாங்கம் உன்னைக் கடல் தாண்டி அனுப்பியது? பெருஞ்சிறகு சிவப்பைத் தேடித்தான் வருகிறது என்று தெரிந்துதானே தோட்டத்தைச் சுற்றி நாற்பது செம்பருத்தி நட்டேன்? என்னிடம் கேட்டிருந்தால் ஒரு தபால்தலைச் செலவில் முடிந்திருக்கும். சரி, ஊசி வைத்துச் சொன்னால்தான் உலகம் நம்பும் போல. சீக்கிரம் எண்ணி முடி.

அப்பா சொன்னதை எழுதியிருந்தேன். நீ அதற்கு ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை. கவனித்தேன்.

நன்றாகச் சாப்பிடு.
அக்கா


பிரிஸ்பேன்
19 மே 2002

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதமாக எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆசை.

சோதனை முடிந்துவிட்டது. நூற்றுப்பன்னிரண்டு முறை உட்கார்ந்தன. சிவப்பில் ஐம்பத்தேழு, பச்சையில் ஐம்பத்தைந்து. காசைச் சுண்டிவிட்டாலும் இதேதான் வந்திருக்கும். கண்ணில் சிவப்பு நிறமி இருக்கிறது, ஆனால் பூச்சி அதை வைத்து எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. "கண்ணு பாக்குது, மூளைக்கு அது வேண்டியதில்ல போல. இதுவும் ஒரு முடிவுதான்" என்கிறார் பேராசிரியை. செப்டம்பரில் அதையே சொல்லப்போகிறோம். என் பட்டத்துக்கு அது போதும்.

அப்பாவுக்கு வணக்கம்.
கேயம்சாவோ


மொருவா
9 ஜூன் 2002

கேயம்,

இங்கே சுகம், அங்கே சுகமா என்றெல்லாம் கேட்கிற நிலையில் நான் இல்லை. என்னடா எழுதியிருக்கிறாய்? என் பட்டாம்பூச்சிக்குச் சிவப்பு வேண்டாமா? பதினொரு வருஷமாக அவற்றோடு கிடக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். என் சிவப்புச் சட்டையை வெட்டி வட்டம் வட்டமாக எடுத்தேன். பச்சைக்கு வாகியின் பாவாடை. (அவள் சம்மதித்தாள் என்று சொல்ல முடியாது.) வலைக் கூண்டுக்குள் பசியோடு விட்டு, நீ சொன்ன மாதிரியே மூன்று நாள் சிவப்பில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கினேன். நான்காம் நாள் துவைத்துக் காயவைத்த வெறும் துணி. வாகி கூழாங்கல் போட்டு எண்ணினாள். நாற்பதில் முப்பத்துநான்கு சிவப்பு! "படிச்சவன் எண்ணினா தப்பு வருதோ என்னமோ, நாம எண்ணினா சரியா வருது" என்றாள்.

தப்பான ஒன்றை நீ மேடை ஏறிச் சொல்லி, நாளைக்கு எவனாவது வந்து அதை உடைத்தால் இங்கே அப்பா என்ன சொல்வார் தெரியுமா? உன் தாள்களில் கொஞ்சம் எனக்கு அனுப்பு. நானும் அதே தாளில் செய்து பார்க்கிறேன்.

டமாரிஸ்


பிரிஸ்பேன்
30 ஜூன் 2002

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

துணியில் செய்ததை அறிவியல் ஏற்காது. உன் சிவப்பு வாகியின் பச்சையை விட இருட்டாக இருந்திருக்கலாம். பூச்சி நிறத்தைப் பார்க்காமல் இருட்டைத் தேடிப் போயிருக்கலாம். என் தாள்கள் இரண்டும் பட்டாம்பூச்சிக் கண்ணுக்கு ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்படி அளந்து எடுத்தவை. சோதனையில் நான் பயன்படுத்திய அதே கட்டிலிருந்து சிவப்பு நாற்பதும் பச்சை நாற்பதும் தனித்தனி உறையில் போட்டு, மேலே எழுதி அனுப்புகிறேன். தயவுசெய்து கலந்துவிடாதே.

கேயம்சாவோ


மொருவா
21 ஜூலை 2002

தம்பி,

நாங்கள் சுகம். நீ உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

உறைகள் பிரிபடாமல் வந்தன. நான்தான் பிரித்தேன், வீட்டில் யாரும் இல்லை. "சிவப்பு" என்று நீ எழுதிய உறையில் இருபத்தொன்பது சிவப்பும் பதினொரு பச்சையும் இருந்தன. "பச்சை" உறையில் ஒன்பது சிவப்பு. முதலில் அவசரத்தில் போட்டிருப்பாய் என்று நினைத்தேன். மூன்று தடவை எண்ணினேன். அவசரத்தில் ஒருவன் ஒன்றைப் போடுவான், இரண்டைப் போடுவான். கண் தெரிகிற எவனும் இருபது தாளைத் தப்பாகப் போடமாட்டான்.

கேயம், உனக்குச் சிவப்புத் தெரியுமா?

இதை எழுதும்போது காப்பித் தோட்டம் ஞாபகம் வருகிறது. உன் கூடையில் பாதி பச்சைக் காய், பாதி சிவந்த பழம். அப்பா கூடையைக் கவிழ்த்துக் காட்டி, "வேணும்னே பண்றான், வேலைலேந்து தப்பிக்கப் பண்றான்" என்பார். தடி எடுப்பார். நீ, "பழம்தாம்பா பறிச்சேன்" என்று ஒரே பேச்சில் நிற்பாய். பொய்யும் சேர்த்துச் சொல்கிறாய் என்று இன்னும் இரண்டு விழும்.

உடனே பதில் எழுது.
அக்கா


மொருவா
18 ஆகஸ்ட் 2002

கேயம்,

சுகமாக இருக்கிறாயா? நான்கு வாரமாக ஒரு வரி இல்லை. புலோலோ தபால் ஆபீசுக்கு வாரத்துக்கு இரண்டு தடவை நடக்கிறேன். கோபமென்றால் திட்டியாவது எழுது. மாநாட்டுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது.

டமாரிஸ்


பிரிஸ்பேன்
1 செப்டம்பர் 2002

என் அன்பு அக்காவுக்கு,

உடம்பு நலம். மற்றதை எழுத ஐந்து தாள் கிழித்துவிட்டேன்.

எனக்குச் சிவப்புத் தெரியாது. பச்சையும் சிவப்பும் எனக்கு ஒரே மண் நிறம். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தில் புள்ளி புள்ளியாகப் படம் போட்ட புத்தகம் காட்டினார்கள். மற்ற பிள்ளைகள் அதில் எண் இருக்கிறது என்றார்கள். நான் முன்னால் நின்றவன் சொன்ன எண்ணையே சொல்லித் தப்பித்தேன். எல்லோரும் பார்க்கிற ஒன்று எனக்கு இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அது என்னவென்று அறிந்தே தீருவது என்ற வெறியில்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நிறத்தை ஆராய வந்தவனுக்கே நிறம் தெரியாது என்றால் சிரிக்கமாட்டார்களா?

தாளின் பின்பக்கம் பென்சிலில் எண் போட்டுத்தான் வேலை செய்வேன். ஏப்ரலில் புதுக் கட்டு வெட்டி எண் போடும் முன்னே காற்றாடியில் பறந்து கலந்துவிட்டது. பக்கத்து அறையில் ஆள் இருந்தார். "இத கொஞ்சம் பிரிச்சுத் தாங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வீம்பு. நானே பிரித்தேன். தடவிப் பார்த்து, மோந்து பார்த்து, குத்துமதிப்பாக. பழக்கியதும் எண்ணியதும் அந்தத் தாள்களை வைத்துத்தான். கூண்டு வேலையை எப்போதும் தனியாகவே செய்வேன், அதனால் வேறு கண் படவில்லை. பூச்சிகள் சரியாகத்தான் உட்கார்ந்தன, அக்கா. நான்தான் தப்பாக எண்ணினேன்.

நான்காவது நிறமி எப்படி வந்தது தெரியுமா? பச்சைக்கான மரபணு எப்போதோ ஒரு தடவை இரண்டு பிரதியாகிவிட்டது. சேப்பங்கிழங்கில் தாய்க்கிழங்கு நின்று குடும்பத்துக்குச் சோறு போடும், பக்கக் கன்றை ஆற்றோரத்தில் நட்டுப் பார்க்கலாம், போனாலும் பட்டினி இல்லை. அதே மாதிரி ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்தது. மற்றது லட்சக்கணக்கான வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகி, சிவப்புக்கு வந்து சேர்ந்தது. மனிதக் கண்ணிலும் இதே கதைதான், தனியாக நடந்திருக்கிறது. பச்சைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, இரண்டும் ஒரே மூலத்தின் பிரதிகள். எனக்கு அதில் ஒன்று இல்லை. அம்மா வழியாக வருவது அது. சோலோங் மாமாவும் காயைத்தான் பறிப்பார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள், ஞாபகம் இருக்கிறதா?

பேராசிரியையிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பட்டம் என்னாகும் என்று தெரியாது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. பட்டமும் இல்லாமல் கண்ணும் இல்லாமல் அவர் முன்னால் நிற்க என்னால் முடியாது.

உன்,
கேயம்


மொருவா
11 செப்டம்பர் 2002

என் தம்பிக்கு,

சுகமாக இரு. முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உன் தாள்களைச் சரியாகப் பிரித்துப் போட்டு வாகியும் நானும் எண்ணினோம். நாற்பத்துநான்கில் முப்பத்தொன்பது சிவப்பு. உன் ஊசி சொன்னது சரி. நீ கண்டுபிடித்தது உண்மை. அதை நீயே போய்ப் பொய்யென்று மேடையில் சொல்வாயா?

அந்தக் காலத்தில் உனக்குப் "பச்சைக்கை" என்று பேர் வைத்தது நான்தான். ஊரே கூப்பிட்டது. நீ அழுததைப் பார்த்தும் கூப்பிட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

கிழங்கு கதை எனக்கு நன்றாகப் புரிந்தது. அம்மா போன பிறகு நான் இங்கே நின்று பழைய வேலையைப் பார்த்தேன், நீ போய்ப் புதிதாக ஒன்று ஆனாய். அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் பொய்யனாக ஆவதற்கு உன்னை அனுப்பவில்லை. சின்ன வயதில் நீ உண்மையைச் சொல்லி அடி வாங்கினாய். இப்போது பொய் சொல்லிக் கைதட்டு வாங்காதே.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போய்ச் சொல்.
அக்கா


பிரிஸ்பேன்
13 அக்டோபர் 2002

அக்கா,

நலம், நலமே! உன் கடிதம் வந்த அன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டேன்.

பேராசிரியை என்னை உட்காரச் சொன்னார். "ரெண்டு வருசமா எங்கூட வேல செய்யற. நீ கேட்டிருந்தா தாள் பிரிக்க ஒரு ஆளப் போட்டிருக்கமாட்டேனா? ஒன் கண்ணுல கொற இல்ல கேயம், வாய்லதான் கொற" என்றார். சரியான திட்டு. பிறகு உன் கணக்கைக் கேட்டார். துணிக் கணக்கையும் கேட்டார். சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

மாநாட்டில் மேடையேறி ஊசியின் முடிவை மட்டும் சொன்னேன். "கூண்டுச் சோதனையைத் திருப்பிச் செய்கிறோம், முதல் தடவை தாள்கள் கலந்துவிட்டன, எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது" என்று முந்நூறு பேர் முன்னால் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் ஒரு கிழவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் தெரியாதுப்பா. நாப்பது வருசமா யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார்.

போன வாரம் வேறொருவர் தாள்களைப் பிரித்துப் பின்னால் எண் போட்டு வைக்க, நான் எண்ணினேன். நூறில் எண்பத்தாறு சிவப்பு. பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகிறது, போகட்டும். கட்டுரையில் என் பெயருக்கு அடுத்து உன் பெயர் வரும். "இந்த வேலையில பாதி அவங்களோடது" என்று பேராசிரியையே எழுதிவிட்டார். என் அக்கா இல்லாமல் எனக்கு இந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இதைவிடப் பெருமையாக நான் எதையும் எழுதியதில்லை.

அப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்ல வேண்டாம்.
கேயம்


மொருவா
3 நவம்பர் 2002

தம்பி கேயம்,

எல்லோரும் சுகம். நீ வேண்டாம் என்றாய், நான் சொல்லிவிட்டேன். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு. என் பேர் இரண்டாவதாகப் போட்டதற்கு நானும் பதிலுக்குத் திட்ட வேண்டியிருக்கிறது. வாகி வேறு, கூழாங்கல் போட்டவள் பேர் எங்கே என்று சண்டைக்கு நிற்கிறாள்.

உன் கடிதத்தை அடுப்பங்கரையில் வைத்து அப்பாவுக்கு வாசித்தேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

"அப்ப அவன் பொய் சொல்லல."

"இல்லப்பா."

"சோம்பேறியும் இல்ல."

"இல்லப்பா. அவன் கண்ணுக்கு எல்லாம் பழமாத்தான் தெரிஞ்சிருக்கு."

எழுந்து வெளியே போனார். இருட்டும் வரை காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் உட்காரச் சொன்னார். "எம் மகனுக்குச் செவப்பு தெரியாது. அத நான் சோம்பேறித்தனம்னு சொல்லி அடிச்சேன். நீங்க எல்லாரும் பாத்தீங்க. தப்பு என்னோடது" என்றார். பிறகு, செய்த தப்புக்கு ஈடாகச் சமாதானத்துக்குப் பன்றி கட்டுகிறேன் என்றார். போதகர் திகைத்துப்போனார். "குலத்துக்கும் குலத்துக்கும் கட்டுவாங்க, அண்ணன் தம்பிக்குக் கூடக் கட்டுவாங்க. அப்பன் மகனுக்குப் பன்னி கட்டறது எந்த ஊரு வழக்கம்?" என்று கேட்டார். அப்பா சொன்னார்: "தப்பு பண்ணவன் கட்டணும். அப்பன்னா அதுல தள்ளுபடியா?"

பெரிய பன்றிதான். சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு வைத்திருந்தாரே, அது. வேலி ஓரம் கட்டியிருக்கிறது. கொடுக்கிறவர் கையும் வாங்குகிறவன் கையும் எல்லோர் முன்னாலும் சேராமல் அதை வெட்டக் கூடாது என்று உனக்கே தெரியும். அதற்குக் கிழங்கு போட என்னைக் கிட்டே விடுவதில்லை. காலையும் மாலையும் அவரே போகிறார்.

இந்தக் கடிதத்தில் அவரையும் இரண்டு வரி எழுதச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன். வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எழுதினா அதோட முடிஞ்சுபோயிடும். அவன் வரட்டும். மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் வா.

உன் அக்கா,
டமாரிஸ்